படம் கீற எந்த ப்ரொசெசர்? ஐ3-12100, ரைசன் 5 5600ஜி, ஐ5-12400 மூன்றையும் பற்றித் திருகோணமலையிலிருந்து

ஏ3 அளவில், 300 டிபிஐயில் ஒரு புதுக் கோப்பைத் திறவுங்கள். 300 பிக்சல் அகலமான பிரஷ் ஒன்றை எடுத்து நீளப்பக்கமாக ஒரே இழுவை இழுங்கள். கண்ணுக்குத் தெரிவது ஒரு கோடு. கொம்பியூட்டருக்குள் அது கோடே இல்லை, அச்சுக்குத்தல். பிரஷ்ஷின் முனையை ஒரு முத்திரை போல எடுத்து, 10 சதவீத இடைவெளியில், அதாவது 30 பிக்சலுக்கு ஒருமுறை, குத்திக்கொண்டே போகிறது. 4,500 பிக்சல் நீளத்துக்கு 150 குத்து. ஒவ்வொரு குத்திலும் 300×300, ஆக 90,000 பிக்சல். மொத்தம் 1 கோடியே 35 லட்சம் பிக்சலின் நிறத்தைக் கணக்குப் பார்த்துக் கலக்க வேண்டும். உங்கள் கை அந்தக் கோட்டை இழுத்து முடிக்க எடுப்பது அரை வினாடி.

அந்த அரை வினாடிக்குள் கணக்கு முடிந்தால் கோடு பேனாவோடு வரும். முடியாவிட்டால் பேனா முன்னே போக, கோடு பின்னால் இழுபட்டு வரும். படம் கீறுகிறவருக்கு ப்ரொசெசர் என்பது முதலில் இந்த அரை வினாடிதான். வீடியோ எடிட் பண்ணுகிறவரும் கேம் விளையாடுகிறவரும் பார்த்துச் சொல்லும் பட்டியலை அப்படியே நம்பிக் காசு கொடுத்தால் பிழையாகிப்போவது இங்கேதான்.

ப்ரொசெசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கும் பகுதிதான் கோர். அந்தக் குத்துகளை எத்தனை கோர் பங்குபோட்டுச் செய்யலாம் என்பதுதான் முக்கியமான கேள்வி. சாதாரண பிக்சல் பிரஷ் என்றால் ஓரளவு பங்குபோடலாம். படம் கீறும் இலவச மென்பொருளான கிரிட்டா, 2018இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அப்படித்தான் செய்கிறது. ஆனால் நிறத்தை இழுத்துக் கலக்கும் ஸ்மட்ஜ் வகைப் பிரஷ், ஒவ்வொரு குத்துக்கும் முந்திய குத்து விட்டுப்போன நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைப் போட முடியும். முதலாவது முடியாமல் இரண்டாவது தொடங்காது. ஒரே இழையில் இழுக்கும் கோலத்தை ஆறு பேர் சேர்ந்து கெதியாக இழுக்க முடியாது. ஒருத்தி இழுக்க, மற்ற ஐந்து பேரும் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். எண்ணெய் வர்ணம் மாதிரிக் கலந்து முகம் கீறுகிறவர்கள், வானம், கடல், தோல் நிறம் போடுகிறவர்கள் நாள் முழுக்கப் பாவிப்பது இந்தப் பிரஷ்ஷைத்தான். அவர்களுக்கு வேண்டியது எட்டுக் கோர் அல்ல, கெதியான ஒரு கோர்.

பிரஷ்ஷை 600 பிக்சலுக்குப் பெருப்பித்தால் ஒவ்வொரு குத்தின் பரப்பும் நாலு மடங்கு. இடைவெளியும் பெருப்பதால் குத்துகளின் எண்ணிக்கை பாதி. ஆக மொத்த வேலை இரண்டு மடங்கு. 1,200 பிக்சலில் நாலு மடங்கு. இடைவெளியை 10 சதவீதத்திலிருந்து 5க்குக் குறைத்தால் அதுவும் இரட்டிப்பு. கடையில் 50 பிக்சல் பிரஷ்ஷால் பேரெழுதிப் பார்த்துவிட்டு "நல்லா ஓடுது" என்று வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் பின்னணி நிறம் போடும்போதுதான் உண்மை தெரியும்.

இனிச் சிப்புகளுக்கு வருவோம். கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமல் மெஷின் கட்ட நினைப்பவர்களுக்கு, புதுச் சாமானில் கையைக் கடிக்காத தெரிவு மூன்று.

இன்டெல் ஐ3-12100. 2022 ஜனவரியில் வந்தது. 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்), உச்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவு) 12 எம்பி, உள்ளேயே யூஎச்டி 730 கிராஃபிக்ஸ். ஐ3 என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதனுள் இருக்கும் கோரும் ஐ5-12400 உள்ளே இருக்கும் கோரும் ஒன்றேதான், இரண்டும் கோல்டன் கோவ் என்ற வடிவமைப்பு. ஐ5-12400 இன் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் மட்டும் உழைக்கும் ஸ்மட்ஜ் பிரஷ்ஷில் இந்த 0.1 வித்தியாசத்தைக் கை உணராது. ஐ5 தருவது இன்னும் 2 கோரும் 18 எம்பி கேஷும். கோடு இழுக்கும்போது அல்ல, ஃபில்டர் போடும்போது, பெரிய லேயரைத் திருப்பி வளைக்கும்போது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் கொடுக்கும்போது அவை கை கொடுக்கும்.

ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021இன் சிப். 6 கோர், 12 த்ரெட், உச்சம் 4.4 கிகாஹெர்ட்ஸ், 16 எம்பி எல்3, வேகா 7 கிராஃபிக்ஸ். கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்தால் ஐ3ஐ விடக் கூடுதல் மாதிரித் தெரியும். ஆனால் ஒரே வேகத்தில் ஓடவிட்டால் கோல்டன் கோவ் கோர் இதன் சென் 3 கோரை விடக் கூடுதல் வேலை முடிக்கும். ஆகவே தனிக்கோர் வேலையில் இந்த 6 கோர்ச் சிப் அந்த 4 கோர்ச் சிப்பிடம் தோற்கும். எல்லாக் கோரும் சேர்ந்து உழைக்கும் வேலையில் திருப்பி வெல்லும். கிராஃபிக்ஸில் வேகா 7, யூஎச்டி 730ஐ விடத் தெளிவாக வலுவானது. 4கே மொனிட்டரில் கன்வஸைச் சுழற்றிச் சுழற்றி, ஜூம் பண்ணிப் பண்ணிக் கீறுகிறவர்களுக்கும், பிளெண்டர் வியூபோர்ட்டில் மாதிரி உருவம் வைத்து அதன்மேல் கீறுகிறவர்களுக்கும் அது பெறுமதி. சாதாரண 1080பி மொனிட்டரில் இரண்டுக்கும் இடையில் அந்த வித்தியாசம் தெரியாது.

ஐ5-12400 மேலே சொன்ன இரண்டின் நல்லதையும் சேர்த்தது. தனிக்கோர் வேகம் ஐ3 போல, பல்கோர் வலு 5600ஜியை எட்டிப் பிடித்துத் தாண்டும். குறை, விலையும் சூடும்.

எங்கள் தெரிவை ஒளிக்கத் தேவையில்லை. படம் கீறுவதே வேலை, ரெண்டரும் வீடியோவும் எப்போதாவதுதான் என்றால் ஐ3-12100. மிச்சக் காசை ராமிலும் நல்ல மொனிட்டரிலும் போடுங்கள். பிளெண்டரும் அனிமேஷனும் கிழமையில் பாதி நாளைப் பிடிக்குமென்றால் ஐ5-12400. ஏற்கெனவே கையில் ஏஎம்4 (5600ஜி பொருந்தும் சொக்கெட்) மதர்போர்டும் டிடிஆர்4 ராமும் இருப்பவர், அல்லது 4கே மொனிட்டர் வைத்திருப்பவர் 5600ஜி எடுக்கலாம். புதிதாக எல்லாமே வாங்குகிறவருக்கு 5600ஜியைப் பரிந்துரைக்க இப்போது காரணம் குறைவு. ஏஎம்டியின் புதிய சொக்கெட்டான ஏஎம்5 பக்கம் 8600ஜி அருமையான சிப், 7600ம் அப்படித்தான். ஆனால் அதன் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்ததும் "குறைந்த செலவு" என்ற பேச்சே முடிந்துவிடும்.

எஃப் என்ற ஒரு எழுத்து

ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் என்று விலை குறைந்த சிப்புகளும் கடையில் இருக்கும். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அதில் ஒரு படமும் வராது. தனிக் கார்ட் போட்டே ஆக வேண்டும். ஏஎம்டியில் இந்தப் பொறி மறுபக்கமாக இருக்கிறது. 5600ஜியில் ஜி இருப்பதால்தான் கிராஃபிக்ஸ். ரைசன் 5 5500, 5600 இரண்டிலும் இல்லை. "5600 இருக்கு, அதே சாமான்தான், கேஷ் கூட" என்று கடையில் சொன்னால், கேஷ் கூடியது உண்மை, 32 எம்பி. அதே சாமான் என்பது உண்மையில்லை. கொழும்பிலிருந்து பார்சல் வந்து, பூட்டி, மொனிட்டர் கறுப்பாகவே கிடந்தபின் திருப்பி அனுப்புவது பெரிய அலைச்சல்.

கிராஃபிக்ஸ் கார்ட் பிறகு போடலாம் என்ற எண்ணம் இருந்தாலும் எஃப் இல்லாததையே எடுங்கள். கார்ட் பழுதாகிற நாளில் மெஷின் நிற்காமல் ஓடும். யூஎச்டி 730இல் வீடியோ மாற்றும் க்விக் சிங்க் வசதி இருப்பதால், கீறும்போது பதிந்த டைம்லாப்ஸை இன்ஸ்டாகிராமுக்கு ஏற்ற வீடியோவாக மாற்றும் வேலையும் கெதியாக முடியும்.

ராம் கணக்கு

ப்ரொசெசர் மதிப்பீட்டில் ராமுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்கலாம். "ப்ரொசெசர் ஸ்லோ" என்று வருகிற முறைப்பாட்டில் கணிசமானது ராம் போதாத முறைப்பாடு.

ஏ3, 300 டிபிஐ என்றால் 3508×4961 பிக்சல், 1 கோடியே 74 லட்சம். 8-பிட் நிறத்தில் பிக்சலுக்கு 4 பைட். ஆக முழுக்க நிரப்பிய ஒரு லேயர் ஏறக்குறைய 70 எம்பி. 40 லேயர் 2.8 ஜிபி. 16-பிட்டில் வைத்தால் 5.6 ஜிபி. இதன் மேல் அண்டூ நினைவு, விண்டோஸ், பிரவுசரில் திறந்துவைத்த பத்து மாதிரிப் படங்கள். கிரிட்டா வெறுமையான இடத்துக்கு நினைவு எடுக்காது, கீறிய சதுரங்களுக்கு மட்டும்தான் எடுக்கும். அதனால் கோட்டு லேயர்கள் மலிவு. பின்னணி நிறம், நிழல், டெக்ஸ்சர் லேயர்கள்தான் விழுங்குபவை.

திருவிழாக் காலத்தில் ஃபிளெக்ஸ் வேலை எடுக்கிறவர்களின் கணக்கு வேறு. பத்திரகாளி அம்மன் கோயிலுக்கோ கோணேஸ்வரத்துக்கோ 8 அடிக்கு 10 அடி பேனர் ஒன்றை 72 டிபிஐயில் கீறினால் 6912×8640 பிக்சல். லேயருக்கு 239 எம்பி. 20 லேயரில் 4.8 ஜிபி. அதையே 150 டிபிஐயில் வைக்கச் சொல்லி அச்சகம் கேட்டால் நாலு மடங்குக்கும் மேல். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 போதும் என்று அச்சகத்தோடு கதைத்துத் தீர்த்துக்கொள்வது, ஐ3 வைத்திருப்பவர் ஐ7க்குப் போவதை விடப் பெரிய வேக அதிகரிப்பு.

ஆகவே 16 ஜிபி கட்டாயம், அதுவும் 8 ஜிபி குச்சி இரண்டாக. ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் டிடிஆர்4-3200 தரும் அகலம் வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு குச்சியில் 51.2. உள்ளக கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவு கிடையாது, இந்த ராமிலிருந்துதான் எடுத்துப் பாவிக்கிறது. வேகா 7 இருக்கும் 5600ஜியை ஒற்றைக் குச்சியில் ஓட்டுவது, அதற்குக் கொடுத்த காசில் பாதியை வீசுவது மாதிரி. பேனர் வேலை இருந்தால் 16 ஜிபி குச்சி இரண்டு. 2025 கடைசியில் உலகம் முழுக்க ராம் விலை ஏறியது உண்மை. அதனாலேயே ஐ5 வேண்டுமா, ஐ3யோடு கூடுதல் ராமா என்ற கேள்வியில் இரண்டாவதைப் பிடிக்கச் சொல்கிறோம்.

பூட்டியபின் இரண்டு அமைப்பு. பயோஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை ஓன் பண்ணி, டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 3200 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். 2400 அல்லது 2666இல் நின்றால் அமைப்பு ஏறவில்லை, அல்லது வேகம் குறைந்த குச்சி வந்திருக்கிறது. கிரிட்டாவின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் நினைவு எல்லை வழமையாக மொத்த ராமில் 50 சதவீதம். கீறும்போது வேறு பெரிய வேலை ஓடாதென்றால் 70க்கு ஏற்றலாம். அந்த எல்லையைத் தாண்டினால் கிரிட்டா டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். அப்போது எந்த ப்ரொசெசரும் காப்பாற்றாது. இதனால்தான் எஸ்எஸ்டி இல்லாத மெஷினைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் இல்லை.

மதர்போர்ட்டில் பார்க்க வேண்டியது

இந்த இன்டெல் சிப்புகளுக்கான மலிவு ரகமான எச்610 போர்டுகள் டிடிஆர்4 வகை, டிடிஆர்5 வகை என இரண்டாக வரும். பெயரின் கடைசியில் வரும் சிறு குறிப்பு மாத்திரம் வேறுபடும். ராமின் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்குரியது மற்றதில் இறங்காது. 12ஆம் தலைமுறைச் சிப் எச்610இல் நேரே ஓடும். 13, 14ஆம் தலைமுறைச் சிப் வாங்கினால் பழைய ஸ்டொக் போர்டுக்குப் பயோஸ் அப்டேட் தேவைப்படலாம். ஏஎம்டி பக்கம் பி450 போர்டுக்கும் 5600ஜி போடமுன் அதே கதை. கடையிலேயே அப்டேட் செய்து, படம் வருகிறதைக் காட்டச் சொல்லுங்கள்.

பேனா டிஸ்ப்ளே வைத்திருப்பவர்கள் போர்டின் பின்பக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். மலிவான எச்610 போர்டுகளில் பெரும்பாலும் ஒரு எச்டிஎம்ஐயும் ஒரு விஜிஏயும்தான். ஹூயோன், எக்ஸ்பி-பென் டிஸ்ப்ளே ஒன்றுக்கு எச்டிஎம்ஐ போய்விட்டால் மொனிட்டருக்கு விஜிஏதான் மிச்சம். விஜிஏயில் எழுத்தும் மெல்லிய கோடும் மங்கும், பேனா டிஸ்ப்ளேயில் பார்த்த படமும் மொனிட்டரில் பார்க்கும் படமும் ஒத்துவராது. எச்டிஎம்ஐயோடு டிஸ்ப்ளே போர்ட்டும் இருக்கிற போர்டை எடுங்கள், சிப்பை மாற்றுவதை விட அது மலிவு. ஒற்றை யூஎஸ்பி-சி வயரில் ஓடும் என்று பேனா டிஸ்ப்ளே பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இந்தப் போர்டுகளில் செருகினால் படம் வராது. அந்தத் துளையில் காட்சி அனுப்பும் வசதி இருக்க வேண்டும், மலிவுப் போர்டுகளில் அது இருப்பது அரிது. பெட்டியோடு வரும் மூன்று தலை வயரைத் தொலைத்துவிடாதீர்கள்.

கச்சான் காற்றும் கூலரும்

மே தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் அறைக்குள் வெப்பம் 34, 35 என்று நிற்கும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோகாது. குளிர்ந்த நாட்டில் எடுத்த யூடியூப் அளவைப் பார்த்து, "70 பாகைதான் வரும்" என்று எதிர்பார்த்தால் இங்கே அதன் மேல் பத்துப் பன்னிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டும். ஐ3-12100உம் ஐ5-12400உம் பெட்டியோடு ஒரே ரக லாமினார் கூலரோடு வருகின்றன. ஆனால் ஐ3 உச்சத்தில் 89 வாட்டும் ஐ5 117 வாட்டும் இழுக்க இடமுண்டு. ஒரே மூடிக்குள் இரண்டு அளவு சோறு வேகிற மாதிரி. கீறும் வேலை விட்டுவிட்டு வருவது, இரண்டுமே தாங்கும். ராத்திரி முழுக்க பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் ஓடவிட்டால் ஐ5 அதன் எல்லையான 100 பாகையை நெருங்கலாம். அவர்கள் ஹீட்பைப் உள்ள தனிக் கூலர் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 5600ஜிக்கு எல்லை 95 பாகை. அதன் ரெய்த் ஸ்டெல்த் கூலர் அமைதியான கீறல் வேலைக்குப் போதும்.

இன்டெல் கூலரை மாட்டுவதில் ஒரு நுணுக்கம். நாலு மூலையிலும் கறுப்புப் பிளாஸ்டிக் கால். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி வெட்டு. அந்தத் தலையை அம்பு காட்டும் திசைக்கு எதிராகத் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றுக்கு எதிர்மூலை ஒன்றாக, "டக்" என்ற சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் காலாக அழுத்தினால் கூலர் சரிந்து, நாலாவது கால் இறங்காது, இறங்கின மாதிரி மட்டும் தெரியும். போர்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால் நாலு துளையிலும் பிளந்து விரிந்த நுனி தெரிய வேண்டும். வேலை தொடங்கிய சில வினாடிகளில் வெப்பம் 90ஐத் தாண்டினால் சிப்பைச் சந்தேகிக்கமுன் இந்தக் காலைப் பாருங்கள்.

உட்துறைமுக வீதியிலும் உப்புவெளியிலும் கடற்கரையோரம் வீடு இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பகை. கேஸை ஜன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம், முன்பக்க ஃபேனுக்குத் தூசி வலை போடுங்கள், மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரமான ஊதுகாற்று வேண்டாம். யூபிஎஸ்ஸும் அவசியம். கார்ட் இல்லாத இந்த மெஷின்களுக்குப் பெரிய யூபிஎஸ் தேவையில்லை, 650 விஏ ஒன்று போதும், கரண்ட் போன பிறகு படத்தைச் சேமித்து மூடும் நேரத்தைத் தரும்.

பாவித்த சாமான்

அலுவலகங்களிலிருந்து கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி ப்ரோடெஸ்க் மெஷின்கள் மலிவாக வருகின்றன. மாணவர்களுக்கு இது நல்ல வழி, ஆனால் தலைமுறை பார்த்து எடுக்க வேண்டும். ஐ5-8500 இருந்தால் எடுங்கள். 6 கோர், உச்சம் 4.1 கிகாஹெர்ட்ஸ், விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கும் முதல் இன்டெல் தலைமுறை அதுதான். ஐ5-6500, ஐ5-7500 இரண்டும் 4 கோர், 4 த்ரெட். கீற முடியும், ஆனால் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. லினக்ஸ் போட்டு கிரிட்டாவில் கீறத் தயாரானவருக்கு மட்டும் அவை சரி. டிடிஆர்3 ராம் போடும் நாலாம் தலைமுறை மெஷினுக்கு இனிக் காசு போட வேண்டாம்.

ஒப்டிபிளெக்ஸ் பலவற்றில் பவர் சப்ளை வயரின் தலையே வேறு. சந்தையில் கிடைக்கும் சாதாரண 24 பின் சப்ளையை நேரே செருக முடியாது. சின்னப் பெட்டி ரகத்தில் பெரிய கூலருக்கும் இடமில்லை. "பிறகு மேம்படுத்தலாம்" என்று நினைத்து அதை வாங்காதீர்கள், உள்ளபடியே பாவிக்கத்தான் வாங்க வேண்டும்.

பென்டியம் கோல்ட் ஜி5400, ஜி6400 போட்ட மெஷினைத் தவிருங்கள். இரண்டு கோர் என்பது ஒரு குறை, பல பிக்சலை ஒரேயடியாகக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் இல்லை என்பது பெரிய குறை. பிரஷ் முத்திரையைக் கணக்கிட கிரிட்டா அந்தக் கட்டளைகளைத்தான் பிடித்து ஓடும். இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசிகள் கையடக்கம், கரண்ட் மிச்சம். ஆனால் அதில் ராம் ஒற்றைச் சேனல், கோர்களும் சிக்கன வகை. ஏ4 ஸ்கெச்சுக்கு ஓடும், ஏ3 ஸ்மட்ஜுக்கு இழுபடும். பாவித்த 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் மயங்க வேண்டாம். மின்னழுத்தக் கோளாறால் அவற்றில் சில நிரந்தரமாகப் பழுதானது 2024இல் வெளிவந்தது, திருத்தும் மைக்ரோகோட் அதன் பிறகே வந்தது. முன்பு எப்படி ஓடியதென்று தெரியாத சிப்புக்கு அந்தத் திருத்தம் பழைய காயத்தை ஆற்றாது. 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது.

பாவித்த ஏஎம்4 சிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். 1,331 பின், சிப்பின் அடியிலேயே. வரிசை வரிசையாகச் சரிவாகப் பார்த்தால் வளைந்த ஒன்று உடனே தெரியும். வளைவதற்கு வழமையான காரணம் கூலரை நேரே மேலே இழுத்துக் கழற்றுவது. காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். பத்து நிமிஷம் மெஷினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டும். 12ஆம் தலைமுறை இன்டெலின் எல்ஜிஏ 1700 சிப்பில் பின் போர்டுப் பக்கம் இருப்பதால் அங்கே பார்க்க வேண்டியது போர்டின் சொக்கெட்டை.

கடையில் பத்து நிமிஷம்

கிரிட்டாவின் போர்ட்டபிள் பதிப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள், இன்ஸ்டோல் தேவையில்லை. உங்கள் டப்லெட்டையும் கொண்டுபோங்கள். ஏ3 கோப்பு திறந்து, பத்து லேயர் நிறைய நிறம் ஊற்றி, 500 பிக்சல் ஸ்மட்ஜ் பிரஷ்ஷால் கெதியாக வட்டம் சுற்றுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள்.

கோடு இழுபடும்போது சிபியூ மொத்தம் 12 சதவீதம் மாதிரிக் காட்டினால் "ப்ரொசெசர் சும்மாதானே இருக்கு" என்று கடைக்காரர் சொல்வார். 8 த்ரெட் சிப்பில் ஒரு த்ரெட் முழுக்க உழைத்தால் மொத்தக் கணக்கில் 12.5 தான் வரும், 12 த்ரெட்டில் 8.3 தான். அந்தச் சின்ன எண்தான் தனிக்கோர் முட்டி நிற்பதன் அடையாளம். விண்டோஸ் அந்த வேலையைக் கோருக்குக் கோர் மாற்றி மாற்றிக் கொடுப்பதால் தனித்தனி வரைபடத்திலும் ஒன்று மட்டும் உச்சியில் நிற்காமல் போகலாம், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். ராம் 90க்கு மேல் ஏறி டிஸ்க்கும் ஓடினால் குற்றவாளி ராம். சிபியூவும் ராமும் அமைதியாக இருந்தும் கோட்டின் தொடக்கம் மட்டும் தாமதித்தால், அல்லது பேனாவை ஊன்றியதும் ஒரு வட்டம் தோன்றினால், அது டப்லெட் டிரைவரும் விண்டோஸ் இங்கும். பேனா அமைப்பில் ஊன்றிப் பிடித்தால் ரைட் கிளிக் என்பதை நிறுத்தி, கிரிட்டாவின் டப்லெட் பக்கத்தில் விண்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றிப் பாருங்கள். இந்த மூன்றாவது வகை முறைப்பாட்டுக்காகவே ப்ரொசெசர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். காசு போனதுதான் மிச்சம், கோடு அப்படியே.

ஓர்டர் கொடுப்பது

ஊர்க் கடைகளில் சிப் கையிருப்பில் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து, பெரும்பாலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கமிருந்து, வரவழைப்பார்கள். நீங்களே ராத்திரி ரயிலில் போய் வாங்கிவந்தால் விலை குறையலாம். ஆனால் வாரண்டிக்கும் நீங்களேதான் 260 கிலோமீட்டர் போக வேண்டும். விலை வித்தியாசம் ஒரு போக்குவரத்துச் செலவுக்குக் குறைவென்றால் ஊரிலேயே வாங்குங்கள்.

பெட்டியோடு வரும் சிப்புக்கு இன்டெலும் ஏஎம்டியும் 3 வருஷ வாரண்டி தருகின்றன. ட்ரே சிப் என்று பெட்டியில்லாமல் வருவது மலிவு. அதோடு கூலர் வராது, வாரண்டி கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் அளவுக்குத்தான். கூலரைத் தனியே வாங்கும் காசைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். சொன்ன விலையில் 18 சதவீத பெறுமதி சேர் வரி (வாட்) சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், பில் எழுதும்போது அல்ல.

பில்லில் "ஐ3 12ஆம் ஜென், 16 ஜிபி" என்று எழுதவிடாதீர்கள். எஃப் சிப்பும் அதற்குள் அடங்கும், ஒற்றைக் குச்சி ராமும் அடங்கும், டிடிஆர்5 போர்டும் அடங்கும். "ஐ3-12100, பெட்டி, எஃப் இல்லை. எச்610 டிடிஆர்4, எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும். 8 ஜிபி 3200 இரண்டு" என்று முழுக்க எழுதி, சிப்பின் சீரியல் எண்ணையும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியின் ஜன்னலில் தெரியும் சிப்பின் உலோக முகத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பில்லோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் சீலை உடைக்க விட வேண்டும்.